நடுவில் நிற்காத குரல்

அத்தியாயம் 14

பதினாறு நாட்களாக உமாதேவி கூப்பிட்டால் திரும்புவதில்லை.

சுருளிராஜன் அதைக் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மதுரையிலிருந்து வந்த பார்சலைப் பிரித்து, பேனா அளவுக்கு ஒரு மைக்கை எடுத்து மேஜையில் வைத்தான். லேப்டாப்பில் மாட்டினால் காருக்குள் எந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும்.

"அப்ப எனக்கு என்ன வேலை?" என்று உமா கேட்டாள்.

சிரித்துக்கொண்டு விட்டிருக்கலாம். அன்றைக்கு அவனுக்கு என்ன கிறுக்கோ.

"உன் காத வச்சுத்தான் கடை ஓடுதாக்கும்? இனிமே இது கேக்கும். நீ போய்ச் சோத்த ஆக்கு" என்று சொல்லிவிட்டான்.

உண்மையில் அவள் காதை வைத்துத்தான் கடை ஓடியது. சின்னமனூரில் மேகமலைக்குத் திரும்புகிற சாலைக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்தக் கடையில், வயர் இழுப்பது, பெட்டி அடிப்பது, ஆம்ப்ளிபயர் மாட்டுவது எல்லாம் சுருளி. கடைசியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சத்தத்தைச் சரிசெய்வது உமா.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் சோறு கொண்டுவந்தவள், சும்மா காருக்குள் ஏறி உட்கார்ந்து, "பாடுற பொம்பள ஏன் கதவுக்குள்ள உக்காந்து பாடுது?" என்று கேட்டாள். அவனுக்கு அன்றுவரை அது தெரியவில்லை. வலது பக்க ஸ்பீக்கர் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் சத்தம் முந்திக்கொண்டு வந்துவிடும். அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, இடது பக்கத்தை அளவாக ஏற்றினால், பாடுகிறவர் டேஷ்போர்டுக்கு நடுவில் வந்து நிற்பார். இரண்டு ஸ்பீக்கர் இருப்பதே மறந்துவிடும். அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பாள் உமா. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் குமுளியிலிருந்தும் வண்டிகள் வந்ததே அதற்காகத்தான்.

அந்தச் சண்டைக்குப் பிறகு மைக் மேஜையிலேயே கிடந்தது; உமா எப்போதும்போல் கடைக்கு வந்தாள். வேலை பார்த்தாள். அவனோடு பேச்சு மட்டும் குறைந்துபோனது. கூப்பிட்டால் சில நேரம் வருவாள். சில நேரம் காதிலேயே விழாத மாதிரி போவாள்.

'எத்தனை நாளைக்கு வீம்பு பிடிப்பா? பாப்போம்' என்று அவனும் இருந்துவிட்டான்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு விஜய்பாண்டியின் கார் கடை வாசலில் வந்து நின்றது. வாழைக்காய் வியாபாரம் செய்கிறவன். வாய் கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதான் புது ஸ்பீக்கர் மாட்டி வண்டியை எடுத்துப் போயிருந்தான்.

"சுருளியண்ணே, என்ன வேல செஞ்சு வச்சிருக்கீக? பாடுறவன் எம் பொண்டாட்டி மடியில உக்காந்து பாடுறான்!"

"என்ன விஜி, காலங்காத்தால..."

"நீங்களே உக்காந்து கேளுங்க. நாலு நாளா வீட்டுல சண்ட. உமாக்கா கை வச்ச வண்டியா இதுன்னு கேக்குறா."

சுருளி ஏறி உட்கார்ந்தான். அவன் காது உமாவின் காது அல்ல. ஆனால் இதைக் கேட்க அந்தக் காது தேவையில்லை. பாட்டு மொத்தமும் இடது கதவுப் பக்கம் சரிந்து கிடந்தது.

முந்தின நாள் குமுளியிலிருந்து ஜோயல் என்ற பையன் போன் செய்திருந்தான். "சேட்டா, சவுண்டு எல்லாம் லெஃப்ட் சைடாணு. ஞாயிற்றுக்கிழமை கோட்டயத்துல கார் சவுண்டு போட்டி. இத வச்சுக்கிட்டு நான் எப்படிப் போறது?" பையனுக்குக் கேட்கத் தெரியவில்லை என்று நினைத்து, சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தான் சுருளி.

மைக்கை எடுத்து ஓட்டுகிறவர் தலை இருக்கும் இடத்தில் பிடித்தான். மழை கொட்டுகிற மாதிரி இரைச்சலை ஓடவிட்டு லேப்டாப்பைப் பார்த்தான். இடது பக்கம் ஏழு டெசிபல் அதிகம். கொஞ்சநஞ்சமல்ல. கடை திறந்த முதல் மாதத்தில் அவனே செய்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது.

ஒவ்வொரு வண்டிக்கும் உமா வைத்த செட்டிங் லேப்டாப்பில் பதிவாகியிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தான். தீபாவளிக்குச் செய்தது சரி. போன மாதம் செய்தது சரி. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு செய்த நாலு வண்டியும், ஜோயலுடையது உட்பட, இடது பக்கம் ஏறிக் கிடந்தன.

நாலும்.

'வேணும்னே செஞ்சிருக்கா' என்று அவன் மனம் சொன்னது. 'மைக் வாங்குன ஆத்திரத்துல கடையக் கவுக்கப் பாத்திருக்கா.'

உமா உள்ளே மேஜையில் குனிந்து ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுருளி நேராகப் போய் அவளுக்கு இடது பக்கம் நின்றான். வாசலில் நிற்கிறவனுக்குக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னான்.

"என்னை அசிங்கப்படுத்தணும்னா வீட்டுல வச்சுப் பண்ணு. வந்த ஆள் வண்டியில கைய வைக்காத. உனக்கு இந்தப் புத்தி எப்பலருந்து வந்துச்சு?"

உமா வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அவன் இன்னொன்றும் சொன்னான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. பதினெட்டு வருஷத்தில் அவளைப் பார்த்து அவன் சொல்லாத சொல் அது. கேட்ட எந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்திருப்பாள். கையில் இருப்பதை வீசியிருப்பாள்.

உமா வயரின் நுனியை மடித்து ரப்பர் பேண்ட் போட்டாள். வாய்க்குள் ஏதோ கணக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வீம்பும் இல்லை. பக்கத்தில் ஆள் நிற்பதே தெரியாத முகம்.

சுருளி அவளுடைய இடது காதையே பார்த்தான்.

மேஜையைச் சுற்றிக்கொண்டு அவளுக்கு வலது பக்கம் வந்தான். "உமா."

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஆத்தாடி! எப்ப வந்தீக?"

"இப்பத்தான்" என்றான் சுருளி.

கல்லாப் பெட்டிக்கு மேல் மகள் திரிஷாவின் ஹெட்போன் கிடந்தது. ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது. அதை எடுத்துத் தன் செல்போனில் மாட்டினான்.

"இத மாட்டு. ஒண்ணு கேட்டுச் சொல்லு."

"எதுக்கு?"

"மாட்டு உமா."

அவள் மாட்டிக்கொண்டாள். செல்போனில் சத்தத்தை இடது பக்கத்துக்கு மட்டும் தள்ளினான். ஒரு நாயனப் பதிவை ஓடவிட்டான். பாதி வைத்தான். முக்கால் வைத்தான். முழுவதும் வைத்தான். ஹெட்போனுக்கு வெளியே, இரண்டடி தள்ளி நின்ற அவனுக்கே நாயனம் கேட்டது.

உமா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போடுங்க" என்றாள்.

அவன் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள். இடது பக்கத்தைத் திருப்பி வலது காதில் வைத்துப் பார்த்தாள். நாயனம் அலறிக்கொண்டிருந்தது.

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எத்தன நாளா இப்படி?" என்றான் சுருளி.

"புதன்கிழம காலையிலருந்து." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "நீங்க மைக் வாங்குனதுக்கு மறுநாள். எந்திரிக்கும்போதே பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு. உள்ள கொய்யுனு ஒரே இரைச்சல். தலையும் சுத்துச்சு. சளின்னு நெனச்சேன்."

"சொல்றதுக்கு என்ன?"

"மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டேன். உங்க அக்கா மாயக்காகிட்ட கேட்டேன். பூண்டெண்ணெ காச்சி விடச் சொன்னாக. விட்டேன். இன்னைக்குச் சரியாயிரும், நாளைக்குச் சரியாயிரும்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

உமா ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள். "சொன்னா, நல்லதாப் போச்சு, அதான் மைக் இருக்கேன்னுருவீகளோன்னு பயமா இருந்துச்சு."

பதினாறு நாளாக, முதுகு திருப்பிப் போகிறாள் என்று சுருளி அவளை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளோ கேட்காமல் போயிருக்கிறாள்.

"அந்த நாலு வண்டியும்?"

"இடப்பக்கம் சத்தமே இல்லாத மாதிரி இருந்துச்சு. ஏத்துனேன். அப்பவும் பத்தல. இன்னும் ஏத்துனேன். தப்புன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சுச்சுங்க. பழைய வண்டிகளுக்கு எழுதி வச்ச நோட்ட எடுத்து அதுல இருந்தபடி வச்சுப் பாத்தேன். பாடுற ஆளு எங்க நிக்குறாருன்னே கண்டுபிடிக்க முடியல. காருக்குள்ளயே உக்காந்து அழுதேன். அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சாவியக் குடுத்துட்டேன்."

வாசலில் நின்ற விஜய்பாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. உள்ளே வந்தவன், வந்ததிலிருந்து போட்ட சத்தத்துக்கு வெட்கப்பட்டவனாகத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, தேனியில காது டாக்டரம்மா ஒருத்தவுக இருக்காக. எங்க மாமனாருக்குப் பாத்தது. ஏறுங்க ரெண்டு பேரும். அக்கா, ஏறுங்க."

காரில் யாரும் பாட்டுப் போடவில்லை. வாழைத் தோட்டமும் தென்னையும் ஜன்னலில் ஓடின. சுருளி அவளுக்கு வலது பக்கமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். வீரபாண்டி தாண்டும் வரை வார்த்தையைத் தேடினான்.

"உமா, அன்னைக்கு நான்..."

"விடுங்க."

"ஏதோ வாய்க்கு வந்தத..."

"அதனால ஒண்ணும் வரல. நீங்க சொன்னா வந்துருமாக்கும்?" என்றாள். ஆனால் அவன் பக்கம் திரும்பவில்லை.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை, சவ்வு நன்றாக இருக்கிறது என்றார். சுருளிக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் இரண்டு பல் உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி உமாவின் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"வலது பக்கந்தாம்மா."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அடுத்து, சத்தம் புகாத சிறு அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உமா ஹெட்போனோடு கையில் பட்டன் பிடித்து உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வலது காதுக்கு அமுக்கினாள். இடது காதுக்கு மாறியதும் கட்டைவிரல் பட்டன் மேல் அப்படியே நின்றது. அமுக்கவே இல்லை. சுருளி இந்தப் பக்கம் நின்று அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். 'அமுக்கு, அமுக்கு' என்று அவன் உதடு அசைந்தது.

பேப்பரில் இரண்டு கோடு வந்தது. டாக்டரம்மா அதை மேஜையில் விரித்தார்.

"எத்தன நாள் ஆச்சு?"

"இன்னையோட பதினாறும்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பேனா வைத்த விதத்திலேயே சுருளிக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"இது சளி இல்ல. உள்ள கேக்குற நரம்பு திடீர்னு வேலைய நிறுத்திரும். ஏன்னு பல பேருக்குக் காரணமே தெரியாது. முதல் வாரத்துலயே வந்திருந்தா மாத்திரையிலயே நெறைய பேருக்குத் திரும்புது. ரெண்டு வாரம் தாண்டுனா வாய்ப்புக் கொறஞ்சுகிட்டே போகும்."

"இப்ப ஒண்ணும் செய்ய முடியாதா?"

"செய்யலாம். மாத்திரை ஆரம்பிப்போம். காது சவ்வு வழியா உள்ள ஊசி போடலாம். இன்னைக்கு ஒண்ணு, வாரத்துக்கு ஒண்ணா இன்னும் மூணு. நரம்புல கட்டி ஏதும் இல்லன்னு பாக்க ஒரு ஸ்கேன் எடுக்கணும். வருமான்னு கேட்டா என்னால உறுதி சொல்ல முடியாது."

"அம்மா, என்ன செலவானாலும்... வேற பெரிய ஊருக்குக் கொண்டு போகட்டுமா? மெட்ராஸு, வேலூரு... ஏதாச்சும் உள்ள மாத்த முடியுமா?"

கேட்டுவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். இருபது வருஷமாக எரிந்துபோனதைக் கழற்றி வேறு மாட்டிப் பழகிய கை. எந்த வயரில் சத்தம் அறுந்தது என்று தொட்டுப் பார்த்தே சொல்கிற கை. அது மேஜை மேல் சும்மா கிடந்தது.

"எங்க போனாலும் இதே மருந்துதான்" என்றார் டாக்டரம்மா. தணிவாகத்தான் சொன்னார். பிறகு பேப்பரில் அடுத்த கோட்டைக் காட்டினார்.

"இன்னொண்ணும் சொல்லணும். இது வலது காது. இங்க பாருங்க, மேல் சத்தத்துல ஒரு பள்ளம் விழுந்திருக்கு. இது இடது காதுல வந்தது மாதிரி இல்ல. அதிகச் சத்தத்துல இருக்கிறவங்களுக்கு வர்றது. என்ன தொழில்?"

உமா சுருளியைப் பார்த்தாள்.

"கார்ல சவுண்டு சிஸ்டம்" என்றாள் உமா கடைசியில்.

"உங்களுக்கு இப்ப இருக்கிறது ஒரு காது. அதையாவது பத்திரமா வச்சுக்கணும். இனிமே அந்தச் சத்தத்துல உக்காராதீங்க."

"எப்ப வரைக்கும்மா?"

"எப்பவுமே" என்றார்.

உமா தலையாட்டினாள். அழுவாள் என்று சுருளி பயந்தான். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "ஊசி எங்கம்மா போடணும்?" என்று எழுந்தாள்.

ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் அசையாமல் வலது பக்கமாய்ச் சாய்ந்து படுக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். நல்ல காது தலையணைக்குள் புதைந்திருந்தது. சுருளி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "வலிக்குதா?" என்றான். இந்தக் காதிலும் விழாது, அந்தக் காதிலும் விழாது என்று அப்புறம்தான் உறைத்தது. அவன் என்ன சொன்னாலும் இப்போது அவளுக்குப் போய்ச் சேராது. எல்லா மன்னிப்பையும் அப்போது கேட்டான். முழுசாக, விடாமல், ஒவ்வொன்றாகக் கேட்டான். உமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணீர் கசிந்து மூக்கைத் தாண்டித் தலையணைக்கு இறங்கியது. ஊசி வலியாக இருக்கலாம்.

நாலரை மணிக்கு வெளியே வந்தார்கள். விஜய்பாண்டி லோடு இறக்க வேண்டும் என்று காலையிலேயே திரும்பியிருந்தான். பஸ்ஸில் போய்விடலாம் என்றாள் உமா.

"இங்கனயே நில்லு. எதுத்தாப்புல மாத்திரை வாங்கிட்டு வந்துர்றேன்."

மருந்துக் கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பஸ், ஆட்டோ, ஷேர் ஆட்டோக்காரர்களின் கூப்பாடு, தள்ளுவண்டி மைக்கில் கொய்யாப்பழம். மாத்திரையை வாங்கித் திரும்பியபோது, உமா நின்ற இடத்தில் இல்லை. கூட்டம் நெருக்கியதில் பத்தடி தள்ளிப் போய்ச் சாலையின் விளிம்பில் நின்றிருந்தாள்.

"உமா!"

அவள் சட்டென்று தலையைத் தூக்கினாள். கேட்டுவிட்டது. வலது பக்கம் திரும்பினாள். அங்கே அவன் இல்லை. பின்னால் திரும்பினாள்.

"உமா, இங்க!"

இப்போது இன்னும் வேகமாகத் தேடினாள். எதிர்ப்புறம் நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். அதன் ஜன்னல்களைப் பார்த்தாள். மறுபடி வலது பக்கம். அவன் இடது பக்கம், சாலைக்குக் குறுக்கே இருபதடி தூரத்தில், கையை உயர்த்திக்கொண்டு நின்றான். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டுகிறவள், கண்ணைத் திறந்துகொண்டு ஊரெல்லாம் தேடினாள்.

மூன்றாவது முறை கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. கூப்பிடக் கூப்பிட அவள் முகத்தில் பயம் ஏறியது. குறுக்கே ஓடப் பார்த்தான். ஒரு தனியார் பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டு நடுவில் வந்து நின்றது. ஆள் ஏற்ற ஆரம்பித்தது. இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை.

பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றி அவன் ஓடி வந்தபோது உமா செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். வலது காதில் இறுக்கி வைத்து, முதுகை அவன் பக்கம் காட்டிக்கொண்டு. திரிஷா பள்ளியிலிருந்து வந்து கடை பூட்டியிருப்பதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஜோயல் இன்றைக்கே வந்து கடை வாசலில் காரோடு நிற்கிறானாம், அம்மாவைப் பார்க்காமல் போக மாட்டேன் என்கிறானாம். எதிர்முனையில் மகள் கத்திச் சொல்வது சுருளிக்குக்கூடக் கேட்டது.

"ஒண்ணுமில்லடி, தேனிக்கு வந்தோம். ஒரு வேலையா" என்றாள் உமா. "அந்தத் தம்பிய இருக்கச் சொல்லு. வர்றோம்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாவா? இங்கனதான் எங்கயோ இருக்காக. இப்பத்தான் ரெண்டு தடவ கூப்பிட்டாக, நல்லாக் கேட்டுச்சு" என்றாள். "எந்தப் பக்கம்னுதான் தெரியல."

சுருளி அவளுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றான்.